பெண்ணின் வேலை

தைப்பிங் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அங்கே பாடம் செய்து வைத்த விலங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் செய்த கைகள் யாருடையவை என்று நாம் கேட்பதில்லை. அத்தகைய வேலையில் ஆயுளைக் கழித்த அமெரிக்கப் பெண்மணி மார்த்தா மேக்ஸ்வெல்லைப் பற்றி இன்று சொல்கிறேன்.

1831இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கல்லூரிக்குப் போய், பணமில்லாமல் பாதியில் நின்றவர். ஆறு பிள்ளைகளோடு மனைவியை இழந்திருந்த ஒருவருக்கு 1854இல் வாழ்க்கைப்பட்டார். 1860இல் இருவரும் தங்கம் தேடிக் கொலராடோ மலைநாட்டுக்குப் போனார்கள். தங்கம் பெரிதாகக் கைகூடவில்லை. மார்த்தா தங்கும் விடுதி நடத்திச் சேர்த்த பணத்தில் ஒரு மரக்குடிசை வாங்கினார். அதிலும் வேறொருவன் புகுந்துகொண்டான்! குடிசையை மீட்கப் போனபோது, அவன் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்டார். வழக்காடப் போன இடத்தில் வாழ்க்கைத் தொழில் கண்ணில் பட்டது.

அக்காலத்தில் பலர் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவார்கள். மெத்தை தைப்பதுபோலத்தான். மார்த்தா சிற்பியின் கண்ணோடு பார்த்தார். இரும்புச் சட்டம் செய்து, உடற்கட்டை உருவாக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தினார். துப்பாக்கி எடுத்துக் காட்டுக்குப் போனவரும் அவரே; தோலுரித்தவரும் அவரே. முதலில் சேர்த்த தொகுப்பைப் பணத்துக்காக விற்க நேர்ந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, 1874இல் போல்டர் நகரில் சொந்த அருங்காட்சியகம் திறந்தார்.

1876இல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி ஃபிலடெல்பியாவில் நடந்தது. அங்கே மண்டபத்துக்குள் ஒரு மலையையே எழுப்பினார். அருவி ஓடியது, பாறைகளில் மலை விலங்குகள் நின்றன, கீழே சமவெளியில் காட்டெருமை நின்றது. ஒவ்வொன்றும் அது வாழும் இடத்திலேயே நிற்பதுபோன்ற காட்சி. பிற்காலத்தில் பெரிய அருங்காட்சியகங்கள் பின்பற்றிய முறை இது. ஆனால் வந்தவர்களுக்கு ஒரே சந்தேகம்: இதை ஒரு பெண்ணா செய்தாள்? அவர் வைத்த பலகையில் இரண்டே சொற்கள் இருந்தன: பெண்ணின் வேலை.

மறு ஆண்டு, அவர் கண்டெடுத்த ஆந்தை வகை ஒன்றுக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பறவை அறிஞர் ராபர்ட் ரிட்ஜ்வே, மார்த்தாவின் பெயரையே சூட்டினார். புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1881இல், ஐம்பது வயது நிறையுமுன்னே, நியூயார்க்கை அடுத்த கடற்கரையில் காலமானார். காட்சிப் பொருள்கள் கவனிப்பாரின்றிப் பூச்சியரித்து அழிந்தன. அந்தக் காட்சியை இன்று சில புகைப்படங்களில் பார்க்கலாம். அந்த ஆந்தை இன்னும் அவர் பெயரோடு கொலராடோவில் பறந்துகொண்டிருக்கிறது.