ஜென்மபாவக் கொள்கையின் வரலாறு

மக்கள் பாவத்தோடு பிறக்கின்றனரா, பிறந்தபின்னரே பாவிகளாகின்றனரா என்னும் வினா, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் மேற்றிசைக் கிறிஸ்து சபையிற் பெரும்பூசலாய் எழுந்தது. பாவம், விசுவாசம், இரட்சிப்பு என்பவற்றைப்பற்றி அச்சபையார் பின்னர்க் கூறியவற்றுக்கெல்லாம் அப்பூசலின் முடிபே அடிப்படையாயிற்றாதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

பிரித்தானியாவினின்று உரோமாபுரிக்கு வந்து வாழ்ந்த பெலாகியுஸ் என்னுந் துறவி ஒழுக்கத்திற் சிறந்தவர். கடவுள் விதித்ததனைச் செய்தற்குரிய ஆற்றலையும் கடவுளே தரல்வேண்டும் என்னுங் கருத்தமைந்த மன்றாட்டொன்று, வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரத்து மேற்றிராணியார் அகுஸ்தீன் நூலிலிருந்து எடுத்துக்காட்டப்பட்டபோது, அவர் அதனைப் பொறாராயினர். எல்லாங் கிருபையே செய்யுமாயின் மனிதன் முயற்சி எற்றுக்கு? இயலாததனை விதித்தல் கடவுள் நீதிக்கு அடுக்குமோ? இவையே அவர் தடைகள்.

410-இல் கோத்தியர் உரோமாபுரியைக் கொள்ளையிட்டனர். அக்காலத்துப் பெலாகியுஸும் அவர் மாணாக்கர் செலேஸ்தியுஸும் ஆப்பிரிக்கா சென்றனர். ஆதாமின் பாவம் ஆதாமையே கெடுத்தது, பிறரைக் கெடுத்திலது என்று கொண்டமைக்காகச் செலேஸ்தியுஸ் 411-இல் கார்த்தேஜு நகரத்துக் கண்டிக்கப்பட்டார். பாலஸ்தீனஞ் சென்ற பெலாகியுஸோ 415-இல் அந்நாட்டுச் சங்கத்தாரால் குற்றமற்றவரென விடப்பட்டார்! கிழக்கும் மேற்கும் இவ்வாறு மாறுபட்டன.

அகுஸ்தீன் கொண்ட சான்றுகளுள் இரண்டு கருதற்பாலன. ஒன்று, உரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்து ஒரு தொடர். இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'ஆதாமினிடத்தில் எல்லாரும் பாவஞ்செய்தனர்' எனப் பொருள்கொள்ளுதற்கு இடந்தந்தது. மூலமாகிய கிரேக்கத்திலோ 'எல்லாரும் பாவஞ்செய்தமையால்' என்பதே பொருளென்பர் இக்காலத்து அறிஞர் பலர். வேற்றுமை மயக்கத்தால் உரை மாறுபடுதலை நன்கறிந்த நம்மனோர்க்கு இது வியப்பன்று. எனினும், அக்கொள்கை முழுவதும் மொழிபெயர்ப்புப் பிழையால் வந்ததென்றல் பொருந்தாது. மற்றைச் சான்று சபையின் வழக்கம். பாவமன்னிப்பின் பொருட்டே ஞானஸ்நானம் அளிக்கப்படுகின்றது. சிசுக்களுக்கும் அது அளிக்கப்படுகின்றது. அவை தாமாகச் செய்த பாவம் யாதுமின்று. ஆதலின் அவற்றின்பால் உள்ளது பிறப்பின்வழி வந்த பாவமே என்று அவர் வாதித்தார்.

அவ்வாறாயின், ஞானஸ்நானமின்றி இறந்த சிசுவின் கதி யாது? அகுஸ்தீன் பின்வாங்கினாரல்லர், அதற்கும் தண்டனையுண்டு, ஆயினும் அது மிக மெல்லியது என்றார். இவ்விடை கன்னெஞ்சையும் உருக்கும்.

418-இல் பேரரசன் ஹொனோரியுஸின் ஆணையும் கார்த்தேஜுச் சங்கத்தின் தீர்ப்பும் பெலாகியுஸுக்கு மாறாக வந்தன. முதலில் ஐயுற்றிருந்த பாப்பரசர் சோசிமுஸும் அதற்கு இசைந்தார். ஜூலியான் முதலிய 18 மேற்றிராணியார் கையொப்பமிட மறுத்துப் பதவியிழந்தனர். குற்றமறியாச் சிசுவை ஒறுக்குங் கடவுள் நீதியுடையவரல்லர் என்று ஜூலியான் ஓயாது எழுதினார். அவர்க்கு மறுப்பெழுதிக்கொண்டிருந்த அகுஸ்தீன், வந்தாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430-இல், நூலை முடியாமலே இறந்தார்.

கிழக்குச் சபையார் ஆதாமினின்று சாவு வந்ததெனக் கொண்டனரேயன்றி, அவன் குற்றமே வழிவழி வந்ததென்பதனை ஏற்றிலர். உரோமைச் சபையின் அனைத்துலக இறையியற் குழுவோ, ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்கள் இரட்சிக்கப்படுவரென நம்புதற்குக் காரணமுண்டென்று 2007-இல் வெளியிட்டது; அது நம்பிக்கையேயன்றி உறுதியான அறிவன்று என்றும் உடன்கூறிற்று.