டென்னிஸ் எல்போ: ராக்கெட்டுக்கு முன்னாடி பேனா

1/ "டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி டாக்டர் டென்னிஸ் எல்போ?" ஸ்ரீவில்லிபுத்தூர், திருவண்ணாமலை, ராஜபாளையம் பக்கம் பால்கோவா கிண்டுறவங்களும் தறி ஓட்டுறவங்களும் இப்படிக் கேட்டால் அது நியாயம்தான்.

2/ 1873-ல் ஜெர்மன் மருத்துவர் ரூங்கே இந்த வலியைப் பதிவு செய்தது, எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களைப் பற்றிய கட்டுரையில். டென்னிஸ் பெயர் 1880-களில் இங்கிலாந்தில் ஒட்டிக்கிச்சு. உழைக்கிறவன் வலிக்கு விளையாடுறவன் பெயர்!

3/ சச்சினுக்கு வந்தப்போதான் நம்மூர்ல இந்தப் பெயர் பரவுச்சு. 2004-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சேப்பாக்கம் டெஸ்ட்ல அவர் இல்லை. 2005-ல் லண்டனில் ஆபரேஷன்.

4/ மணிக்கட்டைத் தூக்கும் தசைநார், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒட்டுற இடம்தான் பிரச்சினை. ரொம்ப நாள் இதை அழற்சின்னே நினைச்சாங்க. 1979-ல் நிர்ஷலும் பெட்ரோனும், ஆபரேஷனில் எடுத்த திசுவில் பார்த்தது, நைந்துபோய்ச் சரியா ஆறாத நாரை.

5/ அப்போ ஸ்டீராய்டு ஊசி? 2006-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 198 பேர். ஆறு வாரத்தில் ஊசி போட்டவங்கதான் முன்னிலை. ஒரு வருஷத்தில், சும்மா காத்திருந்தவங்களைவிடப் பின்தங்கிட்டாங்க! ஊசி போட்ட 100-ல் 72 பேருக்கு வலி திரும்புச்சு. "ஒரே ஊசி போடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்"னு கேட்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

6/ பெரும்பாலானோருக்கு ஒரு வருஷத்துக்குள் தானா குறையும். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணி பாட்டிலை மெதுவா இறக்குங்க, மறுகையால் தூக்கிவிடுங்க. லேசான வலி பரவாயில்லை. பாரம் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். விரல் மரத்துப்போனா, கை பலம் குறைஞ்சா டாக்டரைப் பாருங்க.