சிறுமூளையைக் கணக்கிட்ட வரலாறு

நீர் நிறைந்த கிண்ணமொன்றைத் தளும்பாமல் எடுத்து உதட்டில் வைப்பது எளிய செயலென்றே எவரும் எண்ணுவர். ஆயின் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் ஆகியவற்றின் தசைகள் யாவும் உரிய நேரத்தில் உரிய அளவு சுருங்கினாலன்றி அது கைகூடாது. இந்த ஒழுங்கைக் காக்கும் உறுப்பு, மண்டையோட்டின் பின்புறத்தே, பெருமூளைக்குக் கீழே அமைந்த சிறுமூளையாகும். மூளையின் நிறையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே அதற்குண்டு. எனினும் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்களுள் 6,900 கோடி அங்கேயே செறிந்துள்ளன என 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. இத்துணைக் கலங்கள் கூடிச் செய்யும் தொழிலைக் கணக்கினால் விளக்க இயலுமா என்ற வினா, அறிஞர் பலரின் வாழ்நாளை ஈர்த்துக்கொண்டது.

1824 இல் பிரான்சிய அறிஞர் புளூரன்ஸ், புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார். பறவைகள் அசைவை இழக்கவில்லை. அசைவின் ஒழுங்கையே இழந்தன. முதலாம் உலகப் போரில் தலையிற் குண்டடிபட்ட போர்வீரரை ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ், 1917 இல் இதனை மனிதரிடத்தும் நிறுவினார். சிறுமூளையின் ஒரு பக்கம் காயமுற்றவரின் அதே பக்கத்துக் கை, எடுக்க வேண்டிய பொருளைத் தாண்டிச் சென்றது, தடுமாறியது. மறு கையோ பழுதின்றி இயங்கிற்று.

இவ்வுறுப்பின் உள்ளமைப்பு நுணுக்குக்காட்டியின் வழியே வெளிப்பட்டது. செக் நாட்டவரான பூர்க்கின்யே, இங்குள்ள பெரிய கலங்களை 1837 இல் விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. இத்தாலியரான கொல்ஜி 1873 இல் வெளியிட்ட வெள்ளிச் சாயமுறையைக் கையாண்டு, ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் 1888 இலே பறவைகளின் சிறுமூளையைத் துலக்கிக் காட்டினார். அங்கே கண்ட ஒழுங்கு வியத்தற்குரியது. பூர்க்கின்யே கலம் ஒவ்வொன்றும் விசிறி போலத் தட்டையாகக் கிளை விரித்து நிற்கிறது. மணிக்கலங்கள் எனப்படும் மிகச் சிறிய கலங்களின் நார்கள், சமாந்தரமாக ஓடி அவ்விசிறிகளை ஊடறுக்கின்றன. தறியிற் பாவும் ஊடும் போன்றது இவ்வமைப்பு. ஒரு பூர்க்கின்யே கலத்திற்கு இச்சமாந்தர நார்களிடமிருந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் உண்டு. ஆனால் கொடிபோற் பற்றி ஏறும் ஏறுநாரோ கலமொன்றுக்கு ஒன்றே. இலட்சத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு எதற்காக? பின்வந்த கொள்கைகளுக்கெல்லாம் இவ்வினாவே வித்தாயிற்று.

நரம்பின் தொழில் கணக்குக்கு உட்படும் என்பதைக் கேம்பிரிட்ஜின் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் மெய்ப்பித்தனர். கணவாயின் பெருநரம்பில் மின்துடிப்பு எழும் விதத்தை அவர்கள் சமன்பாடுகளாக்கினர். பல்கலைக்கழகத்தின் கணனி அப்போது திருத்தவேலையில் இருந்தமையால், ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணக்குப் பொறியைக் கொண்டே அவற்றைத் தீர்த்தார். 1963 இல் அவ்விருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவுஸ்திரேலியரான ஜோன் எக்கிள்ஸ். அவரிடம் பயின்ற யப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ, பூர்க்கின்யே கலம் தான் தொடும் கலங்களைத் தூண்டுவதில்லை, அடக்கவே செய்கிறது என்று 1964 இல் கண்டார். எக்கிள்ஸும் இட்டோவும் ஹங்கேரியரான ஸென்டாகொதையும் கூடி 1967 இல் வெளியிட்ட நூல், சிறுமூளையை நரம்புக் கலங்களாலான ஒரு பொறியெனவே தலைப்பிட்டு அழைத்தது.

பொறியென்றால் அது செய்யும் வேலை யாது? கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் மார் 1969 இல் விடையொன்றை முன்வைத்தார். ஏறுநாரே ஆசான், பூர்க்கின்யே கலமே மாணாக்கன் என்பது அவர் கொள்கையின் சாரம். சமாந்தர நார்கள் உடலின் நிலையை அறிவிக்கின்றன; அதே வேளையில் ஏறுநாரும் துடித்தால், அப்போது தொழிற்பட்ட இணைப்புகள் வலுப்பெறுகின்றன; பயிற்சி இவ்வாறே பதிகின்றது என்றார் அவர். இரண்டாண்டுகளின் பின், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையமொன்றிற் பணிபுரிந்த ஜேம்ஸ் அல்பஸ் என்னும் பொறியியலாளர், அதே அமைப்பை ஆராய்ந்து நேர்மாறான முடிவுக்கு வந்தார். ஏறுநார் கொணர்வது பிழை நேர்ந்ததென்ற செய்தி. ஆகவே இணைப்புகள் வலுப்பெறுவதில்லை, தளர்கின்றன என்பது அவர் கருத்து.

இவற்றுள் எது மெய்யென்பதை ஆய்வுகூடமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1982 இல் இட்டோவும் உடனாய்வாளரும் முயல்களில் இருவகை நார்களையும் ஒருங்கே தூண்டிப் பார்த்தனர். சமாந்தர நாரின் இணைப்பு தளர்ந்தது. அத்தளர்ச்சி நெடுநேரம் நிலைத்தது. அல்பஸின் கணிப்பே நிறைவேறிற்று. இதனை அறிய மாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1980 இல், 35 வயதிலேயே, இரத்தப் புற்றுநோயால் அவர் மறைந்தார். அவர் மறைவின்பின், அதே 1982 இல், பார்வை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. தம் சிறுமூளைக் கொள்கை சரியென்றே கொண்டாலும், இயந்திரக் கையொன்றை இயக்கும் வழியை அது கூறவில்லையென அதில் அவர் குறைப்பட்டிருந்தார். அல்பஸோ தம் கொள்கையை 1975 இலேயே இயந்திரக் கையின் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற கணக்கு முறையாக்கியிருந்தார்.

இதற்கிடையே, கலங்களை ஒவ்வொன்றாகக் கணனியில் அமைக்கும் முயற்சியும் வளர்ந்தது. 1977 இல் பெல்லியோனிஸ், லினாஸ், பெர்க்கெல் ஆகியோர் தவளையின் சிறுமூளைப் புறணியை, 8,000 க்கு மேற்பட்ட பூர்க்கின்யே கலங்களும் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மணிக்கலங்களும் கொண்ட மாதிரியுருவாக்கினர். 1994 இல் டி ஸ்கட்டரும் பவரும் ஒரேயொரு பூர்க்கின்யே கலத்தையே 1,600 கூறுகளாகப் பிரித்துக் கணித்தனர். முன்னவர் கூட்டத்தை நோக்கினர்; பின்னவர் தனிக்கலத்தின் நுட்பத்தை நோக்கினர். 2020 இல் யப்பானிய ஆய்வாளர், கே என்னும் மீக்கணனியின் 82,944 கணுக்களையும் ஈடுபடுத்தி, 6,800 கோடி நரம்புக் கலங்கள் கொண்ட, மனிதச் சிறுமூளையின் அளவையொத்த மாதிரியுருவை இயக்கிய செய்தியை வெளியிட்டனர். கண்ணசைவு பற்றிய பரிசோதனையில் அது விலங்குகளிற் காணப்படும் துடிப்பொழுங்கை ஒத்து நடந்தது. ஆனால் உயிருள்ள சிறுமூளை ஒரு விநாடியிற் செய்வதைச் செய்ய, அதற்கு 578 விநாடிகள் தேவைப்பட்டன.

இவ்வளவின் பின்னரும் மார் எழுப்பிய வினா ஓய்ந்தபாடில்லை. 2011 இல் நெதர்லாந்து ஆய்வாளர், இணைப்புத் தளர்ச்சி நிகழாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளும் வழமைபோற் பயிற்சி பெறுகின்றன என்று அறிவித்தனர். அரை நூற்றாண்டுக் கொள்கையின் அடித்தளமே அசைவதுபோல் தோன்றிற்று. 2016 இல், 87 வயதான இட்டோவும் உடனாய்வாளரும் அத்தகைய எலிகளை மீண்டும் சோதித்து, தூண்டும் முறையை மாற்றினால் அவற்றிலும் தளர்ச்சி தோன்றுகிறதென்று காட்டினர். இன்று பலர், கற்றலுக்கு ஒரேயொரு இணைப்பின் மாற்றம் மட்டுமன்றிப் பல இடங்களின் மாற்றங்கள் துணைநிற்கின்றன எனக் கொள்கின்றனர்.

கணனியில் ஒரு மாதிரியுரு மூளையைப்போல் நடப்பதால் மட்டும் மூளை அவ்வாறே தொழிற்படுகிறதென்று துணிதல் ஆகாது. ஒரே நடத்தையை வெவ்வேறு விதிகளும் பிறப்பிக்கக்கூடும். மாரும் அல்பஸும் ஒரே அமைப்பிலிருந்து எதிரெதிர் விதிகளை வகுத்தமையே இதற்குச் சான்று. எனினும் எதைத் தேடவேண்டுமென்று இட்டோவின் ஆய்வுகூடத்துக்குக் காட்டியவை அக்கணக்குகளே. தவறென நிறுவப்படக்கூடிய தெளிவுடன் சொல்லப்பட்டமையினாலேதான், மாரின் கொள்கை பாதி பொய்த்தும் முழுப் பயன் தந்தது எனலாம்.