எம்1911 கைத்துப்பாக்கி

எம்1911 என்பது அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் (1855–1926) உருவாக்கி, கோல்ட் நிறுவனம் தயாரித்த அரைத் தானியங்கி பிஸ்டல். 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கத் தரைப்படை இதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. 1985இல் இத்தாலியின் பெரெட்டா பிஸ்டல் அந்த இடத்துக்கு வந்தது. படையிலிருந்து ஓய்வுபெற்றும் இதற்கு மவுசு குறையவில்லை. அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் பிரியர்களிடம் பிடித்தது எது என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் இது இன்றும் ஒன்று.

பிலிப்பைன்ஸ் போரில்தான் இதன் தேவை எழுந்தது. அங்கே மோரோ போராளிகள் .38 ரிவால்வரின் குண்டுகள் பட்ட பிறகும் பாய்ந்து வந்ததாக அமெரிக்க வீரர்கள் முறையிட்டார்கள். 1904இல் தாம்சன், லகார்ட் என்ற இரு ராணுவ அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் மாடுகளையும், வேறிடத்தில் மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்து, குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். சுடப்பட்ட மாடுகள் சிலவே. சுட்ட விதமும் ஒரே சீராக இல்லை. இன்றைய கண்ணுக்கு இது ஆய்வாகவே தெரியாது. ஆனாலும் .45 என்ற எண் நிலைத்துவிட்டது. 1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறிய துப்பாக்கியைத் தண்ணீரில் முக்கி ஆற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள். போட்டியாளரான சாவேஜ் பிஸ்டல் 37 முறை பழுதானது. கோல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை.

குழலின் நீளம் 5 அங்குலம்; எடை ஏறத்தாழ 1.1 கிலோ, மேகசினில் 7 தோட்டாக்கள். சுட்டதும் குழலும் ஸ்லைடும் சேர்ந்தே சிறிது தூரம் பின்னோக்கி நகரும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும். பிறகு அடியிலுள்ள சிறு இணைப்புத் துண்டு குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்க, ஸ்லைடு மட்டும் தனியே பின்சென்று வெற்று உறையை வெளியே எறிந்துவிட்டு, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். குழல் இப்படிச் சாய்ந்து பூட்டவிழும் முறையைத்தான் சிற்சில மாற்றங்களோடு இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன.

ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பலரும் .45 குண்டின் வலிமையையே முதலில் சொல்வார்கள். உண்மையான காரணம் விசையில் இருக்கிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் விசை ஓர் ஆணியை மையமாகக் கொண்டு வளைந்து அசையும். எம்1911இல் அது தன் பள்ளத்துக்குள் நேராகப் பின்னே வழுக்கிச் செல்கிறது. இரட்டைச் செயல் ரிவால்வரில் ஒரே இழுப்பு உருளையைச் சுழற்றவும், சுத்தியைத் தூக்கவும், விடவும் வேண்டும். இங்கே சுத்தி முன்பே தூக்கி நிற்பதால் விசைக்கு அதை விடுவிப்பது ஒன்றே வேலை. அதனால் இழுப்பு குறுகியது. முதல் குண்டுக்கும் ஏழாவதற்கும் வேறுபாடு தெரியாது. இலக்குச் சுடும் போட்டி விதிகள் .45 பிஸ்டலின் விசைக்கு மூன்றரை பவுண்டு, அதாவது சுமார் 1.6 கிலோ, குறைந்தபட்ச இழுவிசையாக வைத்திருக்கின்றன. கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அந்த எல்லைவரை விசையைத் தீட்டித் தந்துவிடுவார். தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அடுக்கப்படுவதால் பிடியும் தட்டையாக, சிறிய கைக்கும் அடங்குவதாக இருக்கிறது.

முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி ஜெஃப் கூப்பர் இதற்கு ஒரு கொள்கையே வகுத்தார்: குழலில் தோட்டா, தூக்கிய சுத்தி, மேலே போட்ட பாதுகாப்புப் பூட்டு. பார்ப்பவருக்குப் பதறும். ஆனால் பிடியின் பின்புறமுள்ள இரண்டாவது பூட்டு, கை இறுகப் பற்றினால்தான் விடும் என்பது ரசிகர்களின் பதில். கூப்பர் பரப்பிய இருகைப் பிடி மட்டும் இந்தத் துப்பாக்கியோடு பிறந்ததல்ல. ஜாக் வீவர் என்ற கலிஃபோர்னியக் காவலர் போட்டிகளில் ரிவால்வரை வைத்து வென்று காட்டிய முறை அது.

சேகரிப்போருக்கு உறுப்புகளைவிடத் தயாரித்த நிறுவனத்தின் முத்திரைதான் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் கோல்ட் மட்டும் போதாமல் பிற நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் போனது. தட்டச்சுப்பொறி செய்துவந்த ரெமிங்டன் ராண்ட் எல்லோரையும்விட அதிகமாகச் செய்துகொடுத்தது. நம் வீடுகளுக்குத் தையல் இயந்திரம் தந்த சிங்கர் செய்தது 500 மட்டுமே. ஆகவே சேகரிப்பாளர்கள் மிக அதிக விலை கொடுப்பது அதற்குத்தான். இன்று குறைந்த விலைப் பிரதிகளைப் பெருமளவில் தயாரிப்பது பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் நிறுவனம். எந்த மண்ணின் போராளிகளுக்கு எதிராக இது கோரப்பட்டதோ, அதே மண்ணிலிருந்து இது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது.

குறைகள் இல்லாமலில்லை. ஆஸ்திரியாவின் குளாக் 17 எடை குறைந்த பிளாஸ்டிக் உடலில் 17 தோட்டாக்களைத் தருகிறது. கழற்றிப் பூட்டுவதும் எளிது. எம்1911இல் குழல்முனை வளையத்தைத் திருப்பும்போது கட்டைவிரல் நழுவினால் சுருள்வில்லும் அதன் மூடியும் அறையின் மறுமூலைக்குப் பறக்கும். திரும்பப் பூட்டுகையில் ஸ்லைடு நிறுத்தியைத் தவறான கோணத்தில் தள்ளினால் இடப்பக்கச் சட்டத்தில் வில்போல ஒரு கீறல் விழும். பழைய துப்பாக்கி வாங்குவோர் முதலில் சாய்த்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். விலை பேசவும் அந்தக் கீறல் உதவும்.

அமெரிக்கப் படைக் கிடங்கில் எஞ்சியவற்றைக் குடிமக்கள் சுடுபயிற்சித் திட்டம் 2018 முதல் விற்றுவருகிறது. விண்ணப்பதாரர் பின்னணி விசாரணையில் தேற வேண்டும்; தொடக்கத்தில் குலுக்கல் முறையில் வரிசை எண் தந்தார்கள். தரத்துக்கேற்ப விலை உண்டு. கடைசித் தரத்தில் துருக்குழிகளோடும் தேய்ந்த பூச்சோடும் வருபவைக்கும் ஆள் இருக்கிறது.