காரோட்டியின் கண்ணும் கையும்



சென்ற மழைக்காலத்தில், என்னிடம் முன்னாளில் பயின்ற ஒருவர் தம் புதிய காரில் என்னை மதுரைக்கு அழைத்துச் சென்றார். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து சாலை மங்கிற்று. ஆவியைப் போக்கும் காற்றைத் திறக்க அவர் நடுவிலிருந்த திரையைத் தொட்டார்; ஒரு பட்டியல் தோன்றிற்று. மீண்டும் தொட்டார், மற்றொன்று தோன்றிற்று. எதிரே வந்த லாரியின் ஹார்ன் ஒலி கேட்டே தலை நிமிர்ந்தார்.

"ஐயா, பயந்துவிட்டீர்களா?" என்றார்.

"தம்பி, கை அறிய வேண்டியதைக் கண்ணிடமல்லவா கேட்கிறது உன் கார்!" என்றேன்.

இந்நிலை எவ்வாறு வந்தது? வரலாற்றைச் சிறிது புரட்டுவோம்.

காருக்குள் முதலில் குடிபுகுந்த பொழுதுபோக்குக் கருவி வானொலியே. 1930ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். எஞ்சினின் மின்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்குவதே அந்நாளில் பெரும்பாடாக இருந்தது. ஆயினும் அதன் குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. பழகிய விரல் கண்ணின் துணையின்றி அதனைத் திருப்பிற்று.

1986ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 'ரிவியரா' காரில் தொடுதிரையை அமைத்தது. வானொலியும் குளிர்சாதனமும் அதற்குள் அடங்கின. ஓட்டுநர்கள் பலர் அதனை விரும்பாமையால், சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 'கேன்' என்னும் செய்தித் தொடர்பு முறையை அறிமுகப்படுத்தியது. முன்பு விசைக்கொரு கம்பி வேண்டியிருந்தது. இம்முறையிலோ, பல கருவிகள் ஓரிணைக் கம்பிகளின் வழியே தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இன்று நாம் திரையில் விரல் வைத்தால், உள்ளிருக்கும் கணினி அதனை ஆணையாக்கி உரிய கருவிக்கு அனுப்புகிறது. இதனால் பல விசைகளின் வேலையை ஒரே திரை ஏற்க முடிந்தது. 2014இல் 'கார்ப்ளே'யும் 2015இல் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ'வும் வந்து, கைப்பேசியின் வரைபடத்தையும் பாட்டையும் அத்திரைக்கே கொணர்ந்தன.

இதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 2 வினாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் கடக்கிறது. அவ்வளவு தூரத்தையும் திரையை நோக்கும் ஓட்டுநர் பாராமலே கடக்கிறார். இதனாலேயே, ஒரு பணிக்காகத் திரையைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் 2 வினாடிக்குள்ளும், மொத்தம் 12 வினாடிக்குள்ளும் அடங்க வேண்டும் என்று 2013இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நெறி வகுத்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் 'யூரோ என்கேப்' அமைப்பும், 2026ஆம் ஆண்டு நெறிகளில், ஹார்ன், வைப்பர், திரும்பு விளக்கு, அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்தும் தனி விசைகளாக இருந்தால்தான் உரிய மதிப்பெண் என்றது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய கருவிகளை வடிவமைக்கக்கூடும். 'இதனால் என்னென்ன செய்யலாம்?' என்று வினவுவதோடு நில்லாதீர்கள். 'இதனைச் செய்யும்போது ஓட்டுநரின் கண் எங்கே இருக்கும்?' என்றும் வினவுங்கள். அன்று அந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்திராவிடில், இன்று உங்களோடு நான் பேசிக்கொண்டிருப்பேனோ, அறியேன்.