சைனாடவுன்: மூன்று வீதிகள் சொல்லும் வரலாறு



சீனப் புத்தாண்டு நெருங்கும்போது சிங்கப்பூர்ச் சைனாடவுனின் ஒளியூட்டைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். விளக்குகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அவ்விளக்குகளின் பின்னே, கடல் கடந்து வந்த ஏழை எளியோரின் வாழ்வு மறைந்திருக்கிறது. அவ்வாழ்வில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறேன்.

1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டத்தில், சிங்கப்பூர் ஆற்றின் தென்மேற்குப் பகுதி சீனர்க்கு ஒதுக்கப்பட்டது. மலாய் மொழியில் அவ்விடத்திற்குக் 'கிரேத்தா ஆயர்' என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது பொருள். சீன மொழியில் 'நியூ சே சுவெய்', அதாவது மாட்டுவண்டித் தண்ணீர். ஆன் சியாங் குன்றுப் பகுதிக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் குடிநீர் வந்த காலத்தை இவ்விரு பெயர்களும் இன்றும் நினைவூட்டுகின்றன.

அருகிலுள்ள தெலுக் ஆயர் ஸ்திரீட் அன்று கடற்கரை. கரையேறிய ஹொக்கியன் மக்கள் கடல் தெய்வம் மாச்சுவுக்கு நன்றி செலுத்திய இடத்தில், 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் ஆலயம் எழுப்பப்பட்டது. அதே வீதியில் 1828-1830ஆம் ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவைக் கட்டியிருந்தனர். கடலைக் கடந்து உயிருடன் வந்து சேர்ந்தோம் என்னும் நன்றியுணர்வுக்கு மொழி வேறுபாடு ஏது? பின்னாளில் கடல் தூர்க்கப்பட்டதால், இன்று அங்கு நிற்போர்க்கு அலையோசை கேட்பதில்லை.

சைனாடவுனின் நடுவே பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் என மூன்று வீதிகள் உள்ளன. முதலிரண்டின் பெயர்களும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலால் வந்தவை. 'பகோடா' எனப்பட்டது நம் கோபுரமே! 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயணப் பிள்ளை, 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பிய கோயில் அது. மூன்றாம் வீதியின் பெயர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலால் வந்தது. சீனர் வட்டாரத்தின் வீதிகள் மூன்றும் தமிழர் வழிபாட்டிடங்களின் பெயரைத் தாங்குவதை எத்தனை மாணவர் அறிவர்?

இனி விழாக்களைப் பார்ப்போம். புத்தாண்டில் மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இணையாக வழங்குவர்; கேண்டனிய மொழியில் அப்பழத்தின் பெயர் பொன்னைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். ஏழாம் மாதத்தில், வழித்தோன்றல் இல்லாத ஆவிகளுக்கும் உணவு படைப்பர். இவ்வழக்கம் என் நெஞ்சைத் தொடுவது. நெருக்கடியான கடைவீடுகளின் சிற்றறைகளில் வாழ்ந்து, உற்றார் அருகில்லாமல் முதுமை எய்திய தொழிலாளர் பலர். அவர்களுள் சிலர் இறுதி நாள்களைக் கழிக்கச் சென்ற மரண இல்லங்கள் சேகோ லேனில் இருந்தன. 1961இல் அவை தடைசெய்யப்பட்டன. பெயர் தெரியாதவர்க்கும் ஒரு பிடி சோறு வைப்பதன் பொருள், ஆடி அமாவாசையில் முன்னோரை நினைக்கும் நமக்கு விளங்காமல் போகாது.

காலம் மாறியது. 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை வந்தது. 1983இல் தெருக்கடைக்காரர்கள் கிரேத்தா ஆயர் வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். குடியிருந்தோர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். 1989இல் அவ்வட்டாரம் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றில் வாழ்ந்தோரின் நினைவைக் காப்பது நம்மைப் போன்றோரின் பொறுப்பு. காரணம் சொல்லித்தர ஆளில்லாத விழா வெறும் வேடிக்கையாகிவிடும். இது தேக்காவுக்கும் பொருந்தும் அன்றோ?

ஆகவே, அடுத்த முறை செல்லும்போது பகோடா ஸ்திரீட்டின் பெயர்ப்பலகையருகே பிள்ளைகளை நிறுத்தி, அப்பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். தலை நிமிர்ந்து கோபுரத்தை நோக்கினால், விடை அவர்கள் கண்முன்னே நிற்கும்.