சிலுவைக்கு யார் பொறுப்பு?

இயேசுவைக் கொன்றது யார்? இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் சரித்திரத்தில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

மரண தண்டனை விதித்தது ரோமானிய ஆளுநர் பிலாத்து. ஆனால் மத்தேயு சுவிசேஷத்தில் அவன் கையைக் கழுவிக்கொள்கிறான், கூடியிருந்த ஜனங்கள் பழியை ஏற்கிறார்கள். இந்த ஒரு காட்சியைக் காட்டியே ஐரோப்பாவில் மொத்த யூத இனத்தையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். 1096-ல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டங்கள், ரைன் நதிக்கரை ஊர்களில் இருந்த யூதர்களைக் கொன்று குவித்தன.

இத்தனைக்கும் சபையின் போதனை வேறு! ட்ரெண்ட் சங்கத்தைத் தொடர்ந்து 1566-ல் வந்த கத்தோலிக்க ஞானோபதேச நூல், பாவம் செய்யும் கிறிஸ்தவனின் குற்றமே பெரிது என்றது. யூதர்கள் அறியாமல் செய்தார்கள், இவனோ அறிந்தே செய்கிறான். ஆனாலும் அந்தப் பழியை யூதர்கள் எல்லார் மீதும் சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 வரை ஆனது.

தமிழில் இதைத் தொட்டவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் 1678-ம் வருடக் கதையைத் தழுவி, 3766 பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார் (1894). பனியனின் பயணி முதுகில் ஒரு சுமையோடு நடக்கிறான், சிலுவையைக் கண்டதும் அது கழன்று விழுகிறது. பிள்ளை இன்னும் ஒரு படி போய், இயேசுவின் பாடுகளையும் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று விரித்துப் பாடினார். சிலுவைக் கதையும் சுமை தூக்குபவன் கதையும் ஒரே நூலில். அந்தச் சுமை பிலாத்துவுடையது அல்ல, யூதருடையதும் அல்ல. நடக்கிறவனுடையது.

சரி, தன் வினை தன்னைச் சுடும் என்று வளர்ந்த நமக்கு ஒரு சந்தேகம் வரும். ஒருவன் பாவத்தை இன்னொருவர் சுமந்தால் பொறுப்பு போய்விடாதா?

வணிகவியல் படிப்பவனுக்கு இங்கே ஜாமீன்தான் ஞாபகம் வருகிறது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் போட்டவர் பணத்தைக் கட்டிவிட்டால் வாங்கியவன் தப்பித்துவிடுவதில்லை. கடன் கொடுத்தவரின் உரிமை ஜாமீன்தாரருக்கு வந்துவிடுகிறது. அதாவது, இனி அவன் கடன்பட்டிருப்பது தனக்காகக் கட்டியவரிடம். கிறிஸ்தவர் சொல்லும் மன்னிப்பும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன, இந்த ஜாமீன்தாரர் வசூலுக்கு வருவதில்லை. வசூலுக்கு வராததாலேயே கடன் இல்லை என்றாகிவிடுமா?

பழியை அடுத்தவன் மேல் போட்டவர்கள் கத்தியை எடுத்தார்கள். தன் பெயரில் எழுதிக்கொண்டவன் கையில் கத்திக்கு வேலை இல்லை.